பத்தாம் நம்பர் துண்டு

ஊரார் பல்லுக்காகப் போராடுவோர் என்றொரு இனம் உண்டு. அவர்கள் சொந்த வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், ஆளைக் காணமாட்டீர்கள்.

மாளிகாவத்தை ஸாலிஹ் அந்த இனம். இராணுவத்தில் சார்ஜண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தன்னைப்போன்ற பழைய படைவீரர்கள் பல் பார்க்க விடியற்காலையிலேயே பெரியாஸ்பத்திரி வாசலில் காயவேண்டியிருக்கிறதே என்று கொதித்து, கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, கந்தோர் கந்தோராக ஏறி, சிங்களத்தில் கெஞ்சி, தமிழில் திட்டி, கடைசியில் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே செவ்வாய்தோறும் அவர்களுக்கென்று ஒரு பல் கிளினிக்கைக் கொண்டுவந்துவிட்டார். சின்ன வேலையா அது? வாசலில் நின்று நம்பர் எழுதிய கடதாசித் துண்டு கொடுப்பவரும் அவரேதான். இவ்வளவுக்கும் அவருடைய வலப்பக்கக் கடைவாய்ப்பல் எட்டு மாதமாக வலியெடுத்துக் கராம்பில் ஊறிக்கொண்டிருந்தது. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து இடப்பக்கமாகவே மெல்லுவார். கேட்டால், "எனக்கு ஒண்டுமில்ல!"

அந்தச் செவ்வாய் நல்ல மழை. கடற்படையில் சமையற்காரராக இருந்த கொட்டாஞ்சேனை கிளறன்ஸ், பல் பிடுங்கும் கதிரையைக் கண்டதும் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"ஊசி போடுவாங்களா மச்சான்?"

"நுளம்பு கடிச்ச மாதிரித்தான் ஈக்கும். நாங்க பாக்காத வெடியா? உள்ள போ!"

அடுத்தவன் பயத்துக்கு மருந்து கொடுப்பதில் இந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை.

பதினொரு மணிக்கு டொக்டர் சுபாஷினி கொப்பியோடு வெளியே வந்தார். "அங்கிள், இண்டைக்கு ஒன்பது பேர்தான். பத்துக்குக் குறைஞ்சா கிளினிக்கை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு."

ஸாலிஹ் வராத ஆட்களின் பெயர்களைத் தேடினார். நாலு பேருக்குப் போன் அடித்தார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் கலியாண வீட்டில், மற்ற இருவர் எடுக்கவேயில்லை. கையில் பத்தாம் நம்பர் துண்டு நனைந்துகொண்டிருந்தது.

வாயில் பஞ்சைக் கடித்திருந்த கிளறன்ஸால் பேச முடியவில்லை. துண்டைச் சுட்டிக்காட்டினார். பிறகு ஸாலிஹை. பிறகு கதிரையை.

"எனக்கு ஒண்டும்..." என்று தொடங்கியவர், மழை விடக் காத்திருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். பாவம் மனுசன்! ஓடி ஓடிப் பெற்ற கிளினிக் ஒரு பல்லால் போவதா? துண்டைப் பிடித்தபடி உள்ளே போனார். அங்கிருந்து கேட்ட சத்தத்தை எழுதினால் இராணுவத்துக்கு மரியாதையில்லை.

பல் போனது. கிளினிக் பிழைத்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. அது சரி, இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் நாக்கு பின்னுக்குப் போய் ஒரு பல்லைத் தடவிக்கொண்டிருக்கிறதே, அதற்கு எத்தனை மாதம்?