ஓடாத வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அரைகுறை வேலைதான் செய்தான். அது உருண்டு போய் எதிலாவது முட்டினால் யார் பொறுப்பு என்று அவன் யோசிக்கவே இல்லை. பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது இன்ஷூரன்ஸ் நிறுவனம். ஆகவே, மனித நாகரிகம் சக்கரத்தோடு தொடங்கியது என்று பள்ளிப் புத்தகங்களில் இருப்பதைத் திருத்தி, பாலிசியோடு தொடங்கியது என்று அச்சடிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கோரிக்கை.

இதை நான் கேள்விஞானத்தில் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். எங்களுக்கு ஒரு கார் உண்டு. வயது பதினேழு. எங்கள் தெருவில் அதைவிட மூத்தது இரண்டுதான்: ஒன்று தபால் பெட்டி, இன்னொன்று எங்கள் வீட்டுக்காரர். காரின் நிறம் நீலம் என்று பதிவுச் சான்றிதழ் சொல்கிறது. நாங்களும் நம்பி வாழ்கிறோம். ஆனால் சாவியைத் திருப்பினால் மறுபேச்சு இல்லாமல் கிளம்பும். இந்தக் குணம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

வாகன இன்ஷூரன்ஸ் இரண்டு வகை. நம் வண்டி அடுத்தவரை இடித்தால் அடுத்தவருக்கு நஷ்டஈடு கொடுப்பது சாதா. அது சட்டப்படி எல்லாருக்கும் கட்டாயம். நம் வண்டிக்கே என்ன நேர்ந்தாலும் நமக்குக் கொடுப்பது ஃபுல். அது விருப்பப்பட்டவர்களுக்கு. அதாவது, புது வண்டி வைத்திருக்கும் விருப்பப்பட்டவர்களுக்கு. வயதான வண்டிக்கு ஃபுல் கேட்டுப் போனால், எண்பது வயதில் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

தெரிந்தும் நாங்கள் கேட்டுப் போனதற்குக் காரணம், மனைவிக்குக் கிடைத்த வேலை. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் அவள் அதைத்தான் படித்தாள், அதைத்தான் செய்தாள். இங்கே வந்தபின், அவளுடைய சான்றிதழ்கள் நிஜச் சான்றிதழ்கள்தாம் என்று மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கேட்டுத் தெளிவதற்கு மூன்று வருடம் ஆயிற்று. அதுவரை அவள் ஒரு பெரிய கடையில் காய்கறிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வேலை உறுதி என்று தெரிந்த அன்று சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், “வெங்காயம்” என்றாள். அடுப்பில் பால்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல். காலை ஷிஃப்டுக்கு முன்னால் அங்கே பஸ் கிடையாது. காரில் போகலாம். ஆனால் ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் ஃபுல் இன்ஷூரன்ஸ் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. எப்போதோ யாருடைய பழைய வண்டியோ அங்கே நின்றபடியே தீப்பிடித்து எரிந்ததாம். அன்று முதல் அப்படி ஒரு விதி. பாலிசி இல்லையென்றால் நிறுத்த இடம் இல்லை. இடம் இல்லையென்றால் வேலை இல்லை. நாங்கள் நிறுவனத்தின் படியேறினோம்.

நிறுவனத்தின் அலுவலகம் கண்ணாடியால் ஆன ஒரு சந்நிதி. சுவர் முழுக்கப் படங்கள். எரியும் வீடு, மூழ்கும் கார், மரம் விழுந்த கூரை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. நம் ஆட்களுக்கென்று ‘தாய்மொழிச் சேவைப் பிரிவு’ என்று தனி மேசையே போட்டிருந்தார்கள். என்ன பெருந்தன்மை! மேசையில் இருந்த அதிகாரி இங்கேயே பிறந்தவர். தமிழை வார இறுதி வகுப்பில் கற்றவர். எதைச் சொன்னாலும் ‘மன்னிக்கவும்’ என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் வீட்டில் அவருக்கு ‘மன்னிக்கவும் சார்’ என்றே பெயர் வைத்துவிட்டோம்.

“மன்னிக்கவும் மேடம், வண்டியை ஓட்டப் போறது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க. பதிவாகும். வண்டி எப்படி இருக்கு?”

“ஏதோ ஓடுது சார்.”

தட்டச்சு செய்த விரல்கள் நின்றன. “ஏதோன்னா?”

“ஏதோ நம்ம தேவைக்கு ஓடுது.”

“பிரேக்?”

“இதுவரைக்கும் பிடிச்சிருக்கு.”

“இஞ்சின்?”

“அதைப் பத்தி என்ன சொல்றது? கடவுள் புண்ணியத்துல போயிட்டிருக்கு.”

“இனிமேலும் இப்படியே போகும்னு நினைக்கிறீங்களா?”

“அதெல்லாம் நம்ம கையிலயா சார் இருக்கு?”

நம் வழக்கம் நமக்குத் தெரியும். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எந்தத் தாயாவது வாய்விட்டுச் சொன்னதுண்டா? மாடி மேல் மாடி கட்டியவனும், “ஏதோ தலைக்கு மேல ஒரு கூரை” என்றுதானே சொல்கிறான்? நல்லதை நல்லது என்று சொன்னால் கண் பட்டுவிடும். மனைவி சொன்னதை நம் மொழியில் பெயர்த்தால், ‘வண்டி தங்கமானது, என் உயிர்’ என்று அர்த்தம். ஆனால் வார இறுதி வகுப்பில் அந்தப் பாடம் வைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு நாளில் பதில் வந்தது:

‘உரிமையாளர் தரப்பே வாகனத்தின் இயக்கத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டபடியால், நிறுவனம் குறுக்கிட விரும்பவில்லை.’

“ஏன் அப்படிச் சொன்னே?” என்று கேட்டேன்.

“பின்ன? ‘அருமையா இருக்கு’ன்னு சொல்லி, அந்த மனுஷன் பெருமூச்சு விட்டு, வாசலுக்கு வர்றதுக்குள்ள டயர் வெடிக்கணுமா?”

மேல்முறையீட்டுக்கு நான் தனியாகப் போனேன். வட்டியும் முதலுமாகப் புகழ்ந்துவிடுவது என்று முடிவு.

“சார், இது மாதிரி வண்டி இந்த நாட்டுலயே கிடையாது.”

“மன்னிக்கவும், இந்த நாட்டுலயேவா?”

“தேடிப் பாருங்க. புது வண்டியெல்லாம் இதுகிட்ட வந்து பாடம் படிக்கணும்.”

அவர் கண்கள் விரிந்தன. மறுநாளே தமிழ் தெரிந்த ஒரு பரிசோதகர் வந்தார். கையில் வெள்ளையுறை, டார்ச், நீண்ட காம்பில் கட்டிய கண்ணாடி. மனைவி பழைய பிரஷ்ஷை வைத்துச் சக்கரத்தின் சந்துபொந்தெல்லாம் பல் தேய்ப்பதுபோல் தேய்த்து வைத்திருந்தாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்தார், எழுந்தார், மோந்து பார்த்தார். மனைவி பழக்கதோஷத்தில், “பழசுதான் சார்...” என்று ஆரம்பித்தாள். எனக்கு உடனே பலமாக இருமல் வந்தது.

“இந்த மாடல்ல உயிரோட இருக்கிற வண்டியை நான் பார்த்ததே இல்லை,” என்றார் பரிசோதகர். “எல்லாம் இரும்புக்கடைக்குப் போயாச்சு. கடைசி ஒண்ணு இதுவாத்தான் இருக்கும்.” சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் கார் ‘பேணிக் காக்கப்பட வேண்டிய அரிய வாகனம்’ என்று அறிவிக்கப்பட்டது. ஃபுல் இன்ஷூரன்ஸ் கிடைத்தேவிட்டது. தீ, வெள்ளம், திருட்டு, இடி, கலவரம், மரம் விழுதல், பறவை எச்சம் என்று ஒரு பெரும் அபாயப் பட்டாளத்தையே எங்கள் காருக்காக நிறுவனம் எதிர்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை:

‘அரிய வாகனம் என்பதால், இயக்கத்தினால் வரும் அபாயத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இவ்வாகனம் தன் சொந்தச் சக்கரங்களில் சாலையில் ஓடலாகாது.’

இருவரும் அலுவலகத்துக்கு ஓடினோம். நாங்கள் ஓடத் தடை இல்லை.

“ஓடினாத்தானே சார் அது வண்டி?” என்றேன்.

“மன்னிக்கவும் சார், ஓடுற வண்டிக்குத்தான் விபத்து வருது. எங்க ஆராய்ச்சியில தெரிஞ்ச உண்மை இது. நிக்கிற வண்டி போய் எதையும் இடிச்சதே இல்லை.”

“நான் எப்படி வேலைக்குப் போறது?” என்றாள் மனைவி.

“மன்னிக்கவும் மேடம், பாலிசி வண்டிக்குத்தான். உங்களுக்கு இல்லை.”

என்ன தெளிவு! நான் கிளம்ப எழுந்துவிட்டேன். மனைவி மட்டும் பாலிசியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று வருடம் மூன்று அலுவலகங்களின் கடிதங்களைப் படித்துப் பழகியவள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க பாருங்க. ‘வாகனம் தானாகச் சாலையில் செல்ல இயலாத நிலையில், நிறுவனத்தின் இழுவை லாரி அதை வேண்டிய இடத்துக்கு இலவசமாகக் கொண்டு சேர்க்கும். எத்தனை முறை வேண்டுமானாலும்.’ எங்க வண்டியால போக முடியாது சார். போகக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்க.”

அதிகாரி மேலிடத்துக்குப் போனார். மேலிடம் தனக்கும் மேலே இருந்த மேலிடத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தவர் முகத்தில், கணக்கு சரியாக வந்துவிட்ட மாணவனின் ஒளி. “மன்னிக்கவும் மேடம். நீங்க சொல்றது சரிதான்.”

திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் இழுவை லாரி வந்து நின்றது. அது வந்த புகையில் எதிர்வீடு சிறிது நேரம் காணாமல் போயிற்று. எங்கள் காரைவிட அது எப்படியும் பத்து வயது மூத்தது. நம் ஊர்க்காரரான ஓட்டுநர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, இஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார். அது சமர்த்தாகக் கிளம்பியது.

“அக்கா, வண்டி நல்லாத்தானே இருக்கு?”

மனைவி பதறிப்போய், “ஏதோ...” என்றாள்.

“நல்லா இருக்கிற வண்டியைத் தூக்கிட்டுப் போறது இதான் எனக்கு முதல் தடவை. சரி, ஏறுங்கக்கா.”

லாரியின் முதுகில் ஓடக்கூடிய கார். லாரியின் முன்னிருக்கையில் கார் ஓட்டத் தெரிந்த என் மனைவி. இப்படி அவர்கள் வேலைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக் காவலாளி பாலிசியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தானாம். காரை இறக்கி, உரிய இடத்தில் நிறுத்தி, மாலையில் மறுபடி ஏற்றி வந்தார்கள். தினமும் இதே ஊர்வலம். தெருவில் எல்லாரும் என்னை நிறுத்தி, “இன்னுமா உங்க வண்டி சரியாகலை?” என்று துக்கம் விசாரித்தார்கள். மனைவிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. மாலையில் வந்ததும், இன்று எந்த ரத்த மாதிரியில் என்ன தென்பட்டது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். அவள் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கு நிறுவனத்தின் மேல் உண்மையிலேயே பக்தி வந்துவிட்டது.

ஒருநாள் காலை நல்ல மழை. குன்றின் ஏற்றத்தில், லாரியோடு காரைக் கட்டியிருந்த சங்கிலி அறுந்தது. கார் பின்பக்கமாக வழுக்கிச் சாலையில் இறங்கி, சரிவில் உருண்டு, கீழே ஒரு மதில் சுவரில் மோதி நின்றது. சத்தம் கேட்ட ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதித்ததில், மனைவி முன்னால் போய் விழுந்தாள். எனக்குப் போன் வந்ததும் கிளம்பி ஓடினேன். காரைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. வேண்டுமானால் நிறுவனம் இதை என்மீது குற்றமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

“உடைஞ்சிடுச்சுங்க,” என்றாள். “ரத்தம் எடுக்கிற கை.”

அன்று மாலையே பரிசோதனைக் கூடத்தின் தலைவி வந்து, தலையைத் தடவிக்கொடுத்து, வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகாதவர்களுக்கு விடுப்பு கிடையாதாம். காத்திருப்போர் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்றாம்.

மறுநாள் ‘மன்னிக்கவும் சார்’ பூச்செண்டோடு வந்தார். அதில் ஒரு அட்டை: ‘எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு.’ நான் நெகிழ்ந்துபோய், க்ளெய்ம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

“மன்னிக்கவும் சார், நிபந்தனையை மீறிட்டீங்க. உங்க வண்டி சாலையில ஓடியிருக்கு.”

“ஓடலை சார், உருண்டுது!”

“எதுல உருண்டுது?”

“சக்கரத்துல.”

“யாரோட சக்கரம்?”

“அதோட சக்கரம்தான்...”

“யார் ஓட்டினது?”

“யாருமே ஓட்டலை சார்!”

“அது இன்னும் பெரிய தப்பு சார். ஓட்டுநர் இல்லாம வண்டியைச் சாலையில விடலாமா?”

“சரி, லாரி உங்களோடது. அதோட ஃபுல் இன்ஷூரன்ஸ்லேர்ந்து குடுங்க.”

“மன்னிக்கவும், அதுக்குச் சாதாதான்.”

“ஏன்?”

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அவ்வளவு பழைய வண்டிக்கு எவன் சார் ஃபுல் குடுப்பான்?”

“சாதான்னா அடுத்தவங்களுக்கு நஷ்டஈடு உண்டே! நாங்க அடுத்தவங்கதானே?”

அவர் பூச்செண்டிலிருந்த அட்டையைத் திருப்பி என் பக்கம் காட்டினார். “குடும்பத்துல ஒருத்தர் எப்படி சார் அடுத்தவங்க ஆக முடியும்?”

மனைவி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சார், தீக்கு பாலிசி வச்சிருக்கீங்க, வெள்ளத்துக்கு வச்சிருக்கீங்க. உங்களால வர்ற ஆபத்துக்கு ஏதாவது பாலிசி வச்சிருக்கீங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. பையைத் திறந்து, பளபளக்கும் ஒரு வண்ணத் தாளை எடுத்து அவளுடைய இடது கையில் கொடுத்தார்.

“இருக்கு மேடம். எங்ககிட்ட அதிகமா விக்கிறதே அதுதான்.”