வீக்ஹாஃபன் டென்னிஸ் மலர்

நாற்பத்தெட்டுப் பக்க மலருக்கு ஞானப்பிரகாசத்தின் கையில் ஐந்து பக்கச் சரித்திரம்தான் இருந்தது. அச்சுக்குக் கொடுக்க இன்னும் மூன்றே வாரம்.

ஐந்தும் நல்ல பக்கங்கள், அதில் குறை சொல்ல முடியாது. 1886 ஓகஸ்டில், பால்டிக் கடலோரத்துச் சின்ன ஊரான வீக்ஹாஃபனுக்குக் காற்று வாங்க வந்த ஆங்கிலேயர்கள், ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் ஒரு டென்னிஸ் போட்டியைத் தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணி காலம். கொண்டுவந்த வலை கப்பலில் தொலைந்துபோனதால், மீனவரிடம் ஹெரிங் வலையை இரவல் வாங்கிக் கட்டினார்கள். சீமாட்டிகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஆடினார்கள். பெண்களின் இறுதி ஆட்டம் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் யாருடையதோ தொப்பி காற்றோடு போய்விட்டது. வென்றவருக்கு வெள்ளியில் ஒரு தேநீர்க் கேத்தல்.

கிளப் பெட்டியில் கிடந்த குறிப்பேட்டிலிருந்து இதையெல்லாம் பொறுக்கி எடுத்த ஞானப்பிரகாசத்துக்கு அந்த மனிதர்கள் மேல் பாசமே வந்துவிட்டது. ஆனால் அடுத்து வந்த குறிப்பேடுகளுக்குள் எப்போதோ வெள்ளம் புகுந்து, தாள்கள் ஒட்டிப் பலகையாகியிருந்தன. 1886க்குப் பிறகு சரித்திரமே கிடையாது.

ஞானப்பிரகாசம் சரித்திர ஆசிரியர் அல்ல. 1985இல் அகதியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். பதினாலு வருஷமாக இந்தக் கிளப்பில் புல் வெட்டி, தண்ணீர் விட்டு, வெள்ளைக்கோடு போடுகிறார். அந்த மூன்று புல்தரைகளில் எந்த மூலையில் பாசி பிடிக்கும் என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இப்போது நகரசபை அந்தப் புல்தரைகளைக் கார் தரிப்பிடம் ஆக்கப்போகிறது. ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. தார் போட்ட இடத்தில் புல் வெட்ட ஆள் தேவையில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வேறு எவன் வேலை தருவான்?

அந்த நேரத்தில்தான் கிளப் தலைவர் ஹெர் கிரோட்டே அவரைக் கூப்பிட்டார். பக்கத்து ஹோட்டலின் முதலாளியும் அவர்தான். நூற்றிருபதாவது ஆண்டுக்கு ஒரு சரித்திர மலர் போடுவோம், சபையில் கொடுப்போம், வாசித்தால் அவர்கள் மனம் மாறும் என்றார். நூற்று நாற்பது அங்கத்தவர்களில் ஒருவரையும் கேளாமல் அந்த வேலையை ஞானப்பிரகாசத்திடம் ஒப்படைத்தார். தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியத்தின் மலர்களை வருஷா வருஷம் போடுகிறவர் ஞானப்பிரகாசம் என்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து மனைவி றோசம்மாவிடம் இதைச் சொன்னபோது ஞானப்பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மலர் போட்டுப் பழகியவருக்குச் சரித்திரம் இல்லாதது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் மலர்களில் எப்போது சரித்திரம் இருந்தது? வாழ்த்துச் செய்திதான் மலர். படத்தோடு பக்கத்துக்கு ஒன்று. ஒன்றியத்தை உடைத்துக்கொண்டு போய்ப் போட்டி ஒன்றியம் தொடங்கியவர்கூட வாழ்த்துச் செய்தி என்றால் உடனே தருவார். அது வேறு, இது வேறு.

ஆகவே அவர் மேயர், பாதிரியார், தீயணைப்புத் தலைவர், வெதுப்பகக்காரர் என்று நாற்பது பேருக்குக் கடிதம் போட்டார்.

ஜேர்மன்காரருக்கு இது விளங்கவில்லை. பாதிரியார், தான் எந்தத் தகுதியில் வாழ்த்த வேண்டும் என்று கேட்டு எழுதினார். வெதுப்பகக்காரர் வாழ்த்துக்குப் பதில் கேக் விலைப்பட்டியல் அனுப்பினார். தீயணைப்புத் தலைவர் இதை ஒரு முறைப்பாடு என்று எடுத்துக்கொண்டு, வண்டியோடு வந்து கிளப் வீட்டைச் சோதித்து, சமையலறையைப் பூட்டிவிட்டுப் போனார்.

"இனி என்னப்பா செய்யப்போறியள்?" என்றாள் றோசம்மா.

"வழமையாச் செய்யிறதுதான்."

வழமை என்னவென்றால், வாழ்த்துச் செய்தியை வாழ்த்துகிறவர் எழுதுவதில்லை. மலர் ஆசிரியரே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து மட்டும் வாங்குவார். ஞானப்பிரகாசம் இந்தக் கையால் ஒரு ஆயருக்கும் இரண்டு தூதுவர்களுக்கும் எழுதியவர். மூன்று நாள் குந்தியிருந்து நாற்பது வாழ்த்துகளையும் எழுதி முடித்தார். கீல் நகரில் படிக்கிற மகள் வெரோனிக்கா தொலைபேசியில் ஜேர்மன் பிழைகளைத் திருத்தினாள். எழுவாய் பயனிலையைத் திருத்தினாளே தவிர, விஷயத்தில் கை வைக்கவில்லை.

"மேயருக்கு எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்" என்றாள் றோசம்மா.

அவர் தமிழில் சொல்லிக் காட்டினார். கடற்காற்றில் தலையசைக்கும் இப்புல்லின் ஒவ்வொரு இதழும் எம் நகரின் மூச்சு. நான் மேயராக இருக்கும்வரை இதில் ஓர் இதழைத்தானும் எவரும் தொட விடேன். இப்போட்டி இன்னும் பல நூறாண்டு தழைக்க மனமார வாழ்த்துகிறேன்.

"கார் விடக் கேக்கிறதே அந்த மனிசிதானே. அவ இதில சைன் வைப்பாவோ?"

"வாழ்த்துச் செய்தி வேண்டாமெண்டு சொன்ன ஆளை நீர் எங்கையும் கண்டிருக்கிறீரோ?"

அவர் நகரசபைக்குப் போய் அதைக் கொடுத்தார். அங்கே அதை மேயரின் கையெழுத்துக் கோப்பில் செருகினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்தக் கோப்பில் உள்ள எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு முடிப்பது மேயர் ஃபிறாவ் லியூடர்ஸின் பழக்கம். அடுத்த நாளே வந்துவிட்டது, நீல மையும் முத்திரையுமாக. நல்ல தாளில், பிழையில்லாத ஜேர்மனில் வந்ததைக் கண்டதும் மற்றவர்களும் தங்களுக்கு எழுதியதில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். தீயணைப்புத் தலைவர்கூட.

ஹெர் கிரோட்டேக்குப் பிரதி காட்டப் போனபோதுதான் ஞானப்பிரகாசத்துக்கு முதல் முறையாகப் பயம் பிடித்தது. தலைவர் சரித்திரத்தின் ஐந்து பக்கத்தையும் வாசித்தார். பிறகு நாற்பது பக்க வாழ்த்துகளை வாசிக்காமல் படங்களை மட்டும் பார்த்துப் புரட்டினார். ஞானப்பிரகாசம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போதே தலைவர் முகம் மலர்ந்தது. ஒன்றையும் மாற்ற வேண்டாம், இப்படியே விடுங்கள் என்று முதுகில் தட்டினார்.

மலரை அச்சடித்தது டோர்ட்முண்டில் இருக்கிற எங்கள் ஆள் ஜோன்சன். அவருக்கு நித்திய தொழில் செத்தவீட்டு நினைவு மலர். வியாழன் பின்னேரம் பெட்டிகளை உடைத்த ஞானப்பிரகாசம் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். அட்டையில் போட்டியைத் தொடங்கிய ஆங்கிலேயக் கப்டனின் படம், சுற்றிக் கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுதிரி.

அவர் தொலைபேசியில் ஜோன்சனைப் பிடித்தார்.

"ஆள் உயிரோட இல்லைத்தானே அண்ணை" என்றார் ஜோன்சன்.

வெள்ளிக்கிழமை சபை மண்டபம் நிரம்பியிருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ஞானப்பிரகாசம் கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் ஒரு மலரை வைத்தார். அவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். கறுப்புக் கரை, மெழுகுதிரி. யாரோ காலமாகிவிட்டார் என்று நினைத்து முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு மண்டபமே எழுந்தது. மேயரும் எழுந்து தலை குனிந்தார். 1886இல் மீன் வலை கட்டி டென்னிஸ் ஆடிய அந்தக் கப்டனுக்கு வீக்ஹாஃபன் நகரசபை ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தியது. ஞானப்பிரகாசம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றார்.

மௌனம் முடிந்து, கார் தரிப்பிடத் திட்டத்தை வாசிக்க மேயர் கண்ணாடியைப் போட்டார். அதற்குள் எதிர்க்கட்சி அம்மாள் ஒருவர் மலரின் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டார். இதைச் சபைக்கு வாசிக்கலாமா என்று கேட்டார். விடை வருவதற்குள் வாசித்தும் விட்டார்.

ஓர் இதழைத்தானும் எவரும் தொட விடேன் என்ற இடத்தில் பின்னால் இருந்து கைதட்டல் தொடங்கியது. பத்திரிகைக்காரர் மேயரைப் படம் பிடித்தார். மேயர் தன் கையெழுத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார். பதினைந்து வருஷ அரசியல் அனுபவம் என்பது லேசான காரியமா? திட்டத்தை மெதுவாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, இதில் எழுதியிருப்பதுதான் என் மனம் என்றார். வாக்கெடுப்பில் புல்தரைக்கு ஆதரவாகப் பதினேழு கையும் உயர்ந்தன. புல்தரை புல்தரையாகவே இருக்கும், போட்டி நூற்றிருபதாவது வருஷமும் நடக்கும்.

தீயணைப்புத் தலைவர் வந்து ஞானப்பிரகாசத்தின் கையைக் குலுக்கினார், பூட்டியிருந்த சமையலறையின் திறப்பையும் அதே கையில் வைத்தார். மேயர்கூட வந்து, அருமையான நடை என்று தன் வாழ்த்துச் செய்தியைத் தானே பாராட்டிவிட்டுப் போனார்.

ஆனால் நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். ஞானப்பிரகாசம் கொண்டுவந்திருந்த சரிகைப் பொன்னாடையை விரித்து, ஹெர் கிரோட்டேயின் தோளில் எல்லோருக்கும் முன்னால் போர்த்தினார். என்னை நம்பி இதைத் தந்தவர் இவர்தான் என்று ஜேர்மனில் உரத்துச் சொன்னார். மண்டபம் மறுபடி கைதட்டியது. தலைவரின் வாய் கோணி, கண்ணில் நீர் முட்டியது. ஜேர்மன்காரருக்கும் உணர்ச்சி இருக்கிறதுதான் என்று ஞானப்பிரகாசம் நினைத்துக்கொண்டார்.

சபையில் கோப்பி கொடுக்கிற யோசப்பின், தட்டில் வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் இருந்தனான், ஞானம் அண்ணை. தன்ர ஹோட்டலுக்குக் கார் விட இடம் வேணுமெண்டு மேயரிட்ட எழுதிக் குடுத்ததே இந்தாள்தான். சரித்திரத்தைப் புல்லு வெட்டுறவனிட்டக் குடுத்திட்டன், அது உருப்படாது, இனிப் பயமில்லை எண்டு நான் கோப்பி ஊத்தேக்க சொல்லிச் சிரிச்சவர்."