தோங்கில் ஆறு கெண்டை, சுற்றிலும் ஜெபக்குழு

பாதி படித்தவர்களுக்கு யாரைக் கண்டாலும் விளக்கம் சொல்லும் வியாதி உண்டு. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

முதுகலை ஆய்வுக்காக, மீனின் ஹார்மோன் மரபணு ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுத காலம். மூளைக்கடியில் ஊறும் ஒரு சின்ன ஹார்மோனுக்கு அதுதான் செய்முறைக் குறிப்பு. ஆதிகாலத்து மீன் ஒன்றில் அது இரண்டு பிரதியாகிவிட்டது. ஒன்று பழைய வேலையையே பார்க்கிறது. மற்றது புது வேலை தேடிக்கொண்டதா, அதாவது பயம் வந்தால் விழிப்பது அதுதானா என்பதே என் கேள்வி. (எனக்குப் பயம் வந்தால் இரண்டுமே விழித்துக்கொள்ளும்.)

குளிர்ந்த மலைத்தண்ணீர் வேண்டுமென்று, எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், எங்கள் பேச்சில் தோங், வைத்தேன். ஒன்றில் இருந்த கெண்டைகளைத் தினமும் வலையால் விரட்டினேன். மற்றதில் ஆறு கெண்டை, பரம நிம்மதியாக. ஞாயிறு பதினொரு மணிக்குப் பேராசிரியர் வந்து இரண்டிலும் மாதிரி எடுப்பார். தவறினால் ஆறு மாத வேலை வீண்.

"அம்மா, இந்த மீனுங்க மனசு கலங்கவே கூடாது. கலங்குனா என் படிப்பு போச்சு" என்றேன். அங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும்.

ஞாயிறு பத்தரை மணி. தேயிலைச் சரிவில் டம்போரின் சத்தம் ஏறி வந்தது. முன்னால் பாஸ்டர், பின்னால் கிட்டார், அதற்கும் பின்னால் இருபது பேர். காலை ஆராதனையில் அம்மா விண்ணப்பம் வைத்துவிட்டார்: மகளின் மீன்களுக்கு மன சமாதானம்!

எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினால் மீன் மிரளும். கத்தாவிட்டால் இவர்கள் மிரட்டுவார்கள். 'போங்க, போங்க' என்று இரண்டு கையையும் தூக்கிப் பதறி ஆட்டினேன்.

"பிள்ளை எப்படிக் கை தூக்கிட்டா பாருங்க! அல்லேலூயா!" என்றார் பாஸ்டர். இருபது பேரும் கை தூக்கினார்கள்.

அம்மாவின் காதருகே ஓடி, "நிறுத்தச் சொல்லும்மா!" என்றேன்.

"ஜெபத்துக்கு நடுவுல பேசாத லா" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

பாஸ்டர் நிம்மதித் தோங்கின் மேல் கை வைத்தார். "சமாதானம்! சமாதானம்!" ஒவ்வொரு சொல்லுக்கும் தோங்கில் ஓர் அடி. உள்ளே தண்ணீர் கொந்தளித்தது. ஒரு கெண்டை எகிறி, கிட்டார்காரரின் செருப்பில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் காரிலிருந்து இறங்கினார்.

"இதில் எது அமைதியான தோங்?" என்று கேட்டார்.

"என் படிப்பையே கெடுத்துட்டீங்க!" என்று எல்லார் முன்னாலும் அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"உனக்காகத்தானே கேட்டேன்" என்றார் அம்மா. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேராசிரியர் அப்படியே எடுத்துப்போன மாதிரிகளின் முடிவு வந்தது. இரண்டாம் பிரதி விழித்துத்தான் இருந்தது. ஆனால் வலையால் விரட்டிய மீன்களைவிட, ஜெபம் வாங்கிய மீன்களிடம்தான் அதிகம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.

பட்டம் வாங்கிய பிறகு சபையில் நன்றி ஆராதனை. பாஸ்டர் என் தலையில் கை வைத்து வாயைத் திறந்ததும், முன்வரிசையில் அம்மா எழுந்தார். "ஐயா, மெதுவா லா. இதுவும் கலங்கும்." சபையே சிரித்தது.

இன்றும் நான் லேசாகப் பதறினால் போதும், வீட்டில் யாராவது மேசையைத் தட்டி "சமாதானம், சமாதானம்" என்பார்கள். முதலில் தட்டுவது அம்மாதான்.