பன்னிரண்டாவது நாற்காலி

பணிவுப் பிரமுகர் என்றோர் இனம் இருக்கிறது. பணிவானவர் வேறு, இவர் வேறு. பணிவானவர் நம் கண்ணில் படுவதே இல்லை. இவர் படாமல் விடுவதில்லை. எல்லா ஊரிலும் கிடைப்பார் என்றாலும், கொல்கத்தாவில் பெஹாலாப் பக்கம் ஒரு சின்னக் கோவிலில் மாதம் இரண்டு முறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வந்தீர்களானால், கடைசி பெஞ்சில் நல்ல மாதிரி ஒன்றைக் காணலாம். பெயர் பிரிட்டோ. துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஏன் கடைசி பெஞ்சு? முன்னாலேயே உட்கார்ந்துவிட்டால் அவரை முன்னால் வரும்படி யார் அழைப்பார்கள்? யாராவது அழைக்க, இவர் மறுக்க, அவர்கள் கையைப் பிடித்து இழுக்க, மொத்தக் கோவிலும் திரும்பிப் பார்க்க, குனிந்த தலையோடு நடுவழியே இவர் மெல்ல நடந்து போய் அமர்வதற்குள் முதல் வாசகமே முடிந்துவிடும். துடைப்பமும் எடுப்பார், ஜனங்கள் உள்ளே நுழையும் நேரத்தில். அந்தப் படம் வாட்ஸப்பில் வந்தால், யாரோ தெரியாமல் எடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுவார். கைப்பேசியைக் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அவர்தான்.

இந்த இனத்துக்குப் பெருவிழா பெரிய வியாழன். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, அன்று பீடத்தின்முன் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் குருவானவர் மண்டியிட்டுக் கால் கழுவுவார். பன்னிரண்டாவது நாற்காலி ஒன்பது வருடமாகப் பிரிட்டோவுக்குத்தான். சும்மா போய் உட்கார்ந்துவிடுவாரா? தனக்குத் தகுதியில்லை என்று மூன்று முறை மறுப்பார். நான்காவது அழைப்புக்கு எழுவார். பழைய ஃபாதருக்கு அந்தக் கணக்கு அத்துபடி.

இந்த வருடம் விஷயம் பெரிது. தூத்துக்குடியிலிருந்து முதல்நாள்தான் ஹவுராவில் வந்து இறங்கிய சம்பந்தி வீட்டார் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். பிரிட்டோ அழகு நிலையத்துக்கே போய் நகம் வெட்டி, குதிகால் தேய்த்து, பன்னீர் பூசி, தூசி படாதிருக்கப் புதுக் காலுறைக்குள் அந்தப் பாதங்களைப் பாதுகாத்துக் கொண்டுவந்திருந்தார்.

புதிய குரு ஃபாதர் தமிழரசன் பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் பிரிட்டோவின் மறுப்புக் கணக்கு அவருக்குத் தெரியாது. பதினொரு பேர் அமர்ந்ததும் பிரிட்டோவைக் கூப்பிட்டார்.

"என் காலுக்கு அந்தத் தகுதி கெடயாது ஃபாதர்."

"டீக் ஆச்சே, சரி அங்கிள். உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார் ஃபாதர்.

அவ்வளவுதான். அவர் பார்வை வாசலுக்குப் போய்விட்டது. வாசலில் அமலா நின்றிருந்தாள். டாக்குரியாவில் வீட்டு வேலை முடித்து வியர்க்க விறுவிறுக்க வந்தவள்; சனிக்கிழமைதோறும், ஆளில்லாத கோவிலைத் துடைத்துவிட்டுப் போகிறவளும் அவள்தான். ஃபாதர் கூப்பிட்டதும், "சரி ஃபாதர்" என்று வந்து உட்கார்ந்தாள். வெடித்த குதிகாலில் தெருப் புழுதி அப்படியே இருந்தது.

பிரிட்டோவுக்கு இரண்டாவது மறுப்பு தொண்டையிலேயே நின்றது. யாரும் கேட்காததை எப்படி மறுப்பது? உட்காரவும் நிற்கவும் முடியாமல் பாதி எழுந்தபடி அவர் தவித்ததைச் சம்பந்தி பார்த்துவிட்டார். பிரிட்டோவுக்கு அழுகையே வந்தது.

"அங்கிள், இந்தத் தண்ணிய மட்டும் பின்னாடி கொட்டிட்டு வர்றீங்களா?" என்றார் ஃபாதர், எல்லாருக்கும் கால் கழுவி முடித்த தொட்டியைக் காட்டி.

தவிர்க்க முடியாமல் தூக்கிப் போனார். பின்கட்டில் ஒரு பூனைகூட இல்லை. பன்னிரண்டு பேரின் அழுக்கு, அவர் காலுறையை நனைத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கியது. யாரும் பார்க்காமல் அவர் செய்த முதல் வேலை. என்னவோ மனம் லேசாகி, வெறும் தொட்டியோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அந்த லேசு ஈஸ்டர் காலைச் சிற்றுண்டி வரை தாங்கியது. அங்கே நான்கு மேசைகளில், "தண்ணி கொட்டுனது நாந்தான், வெளிய சொல்லிராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லவேளை, நான் இப்படியில்லை என்று தோன்றுகிறதா? அப்படியானால் வாருங்கள். கடைசி பெஞ்சில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. பிரிட்டோவைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கள்.