கொக்குகள் ஆரை எடுக்கும்?

2006ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியில் இருக்கிற எட்டுக் கோடிப் பேரும் மடையர்கள் என்று பரராசசிங்கம் முடிவு கட்டினார். அடுத்த மாதம் உலகக் கிண்ண உதைபந்தாட்டம். மன்ஹைம் நகரத்தில் கார் இல்லாதவன்கூடக் காருக்குக் கொடி வாங்கி வைத்திருந்தான். கீழ்வீட்டு மரியரட்ணம் தன்னுடைய பழைய காரின் இரண்டு பக்கமும் இரண்டு கொடி குத்தியிருந்தார்.

“என்ன தம்பி ரட்ணம், மந்திரியாகிட்டீரோ?”

“உலகக் கிண்ணம் அண்ணை!”

“உதைக்கிறதுக்கு மூளை தேவையில்லை. மாடும்தான் உதைக்கும். மூளை இருக்கிறவன் பேஸ்போல் பாப்பான்.”

பரராசசிங்கத்துக்கு இந்த மூளை முட்டையோடு வந்தது. பதினாலு வருசமாக அமெரிக்க இராணுவ முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்கு முட்டை பொரிக்கிற வேலை. கூடத்து மூலையில் இருந்த தொலைக்காட்சியில் எந்த நேரமும் பேஸ்போல் ஓடும். ஒரு கண் முட்டையில், ஒரு கண் ஆட்டத்தில் என்று நின்றவர், நாளடைவில் இரண்டு கண்ணையும் ஆட்டத்துக்கே கொடுத்துவிட்டார். சிப்பாய்கள் கருகின முட்டையைச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

எந்த ஆட்டக்காரன் எத்தனை முறை ஓடினான், எத்தனை முறை வழுக்கினான், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பந்தைத் தொடுகிற சந்தர்ப்பம் மட்டும் ஒரே ஒருமுறைதான் வாய்த்தது. இவ்வளவு தெரிந்த மனிசன் விளையாட்டுக்காரனாகத்தான் இருப்பான் என்று நம்பி, ஒரு சார்ஜன்ட் பந்தொன்றை மெல்ல அவர் பக்கம் எறிந்தான். சிங்கம் குனிந்தது. பின்னால் அடுக்கியிருந்த நாற்பது கோப்பைகள் குனியத் தெரியாமல் நொறுங்கின. அன்றைக்கே, “நான் ஆட்டக்காரன் இல்லை, ஆய்வாளன்” என்று பரராசசிங்கம் அறிவித்துவிட்டார்.

அவருடைய அணி அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்தில் இருந்தது. பெயர் ஹெரன்ஸ், தமிழில் சொன்னால் கொக்குகள். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். இந்தக் கொக்குகளுக்கு அந்த ஒரு மதி தோற்பது. வருசம் முழுக்கத் தோற்றுப்போட்டு, யூன் மாதம் வந்தவுடன் புதுப் பெடியன் ஒருவனைத் தெரிவு செய்து, இனி எல்லாம் சரிவரும் என்று அறிக்கை விடும். அந்தப் பெடியன் ஆராக இருப்பான் என்று கண்டுபிடிப்பதுதான் பரராசசிங்கத்தின் வாழ்க்கை இலட்சியம். போன ஐந்து வருசமும் கணிப்புப் பிழைத்தது. பிழை தன்னுடையதல்ல, கொக்குகளுடையது என்பது அவர் கருத்து.

மனைவி பாலாம்பிகைக்கு இலட்சியம் ஒன்றும் இல்லை. வேலை இருந்தது. நெக்கார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில், ஞாயிறு காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ட்ராம் இல்லை. நாற்பது நிமிச நடை. கார் வீட்டு வாசலில் நிற்கும். கார்த் திறப்பு பரராசசிங்கத்தின் காற்சட்டைப் பையில் கிடக்கும். காற்சட்டை கதிரையில் தொங்கும். சனிக்கிழமை ஆட்டம் பார்த்த களைப்பில் பரராசசிங்கம் குறட்டை விடுவார்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், மழையில் தெப்பமாக நனைந்து அவள் திரும்பி வந்தாள். மரியரட்ணம் மேல்வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்தபடியே பாலாம்பிகை சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, நானும் கார் ஓடத்தான் போறன்.”

“பன்னிரண்டு வருசமா இதே கதை. லைசென்ஸ் உமக்கு ஏலாது.”

“ஏன் ஏலாது? எனக்குக் கை கால் இல்லையே?”

“கார் ஓடுறது கையாலையும் காலாலையும் இல்லை. கணிப்பாலை! முன்னுக்குப் போறவன் எந்தப் பக்கம் திருப்புவான் எண்டு அவனுக்குத் தெரிய முதல் எனக்குத் தெரியவேணும். நீர் பருப்புக்கு உப்புப் போட்டதோ இல்லையோ எண்டு என்னட்டைக் கேக்கிற ஆள்.”

“உங்கட கணிப்பு அவ்வளவு திறமோ?”

“வாற மாசம் ஆறாம் திகதி கொக்குகள் ஆரை எடுக்கும் எண்டு இப்பவே, இந்தக் கதிரையிலை இருந்து சொல்லட்டோ? கோடி பூன்!”

“கோடிப் பூனையோ?” வீட்டுப் பின்வளவைக் கோடி என்று சொல்லிப் பழகிய யாழ்ப்பாணத்துக்காரி அவள். “கொக்கு ஏன் பூனையை எடுக்குது? பூனையெல்லோ கொக்கைப் பிடிக்கவேணும்?”

“பூனை இல்லை, பூன்! டெக்சாஸ் பெடியன். வயசு பதினெட்டு. பிச்சர்.”

“ஐயோ பாவம். பிச்சையோ எடுக்கிறான்?”

“பிச்சர்! பந்து எறியிறவன்! மணிக்கு நூற்றைம்பது கிலோமீற்றர்!”

“ஓட்டோபான் றோட்டிலையோ?”

மரியரட்ணத்துக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. பரராசசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். முப்பது அணிகள் வரிசையில் நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஆளைத் தெரிவு செய்யும். போன வருசம் ஆகக் கேவலமாகத் தோற்றவனுக்கு முதல் தெரிவு. கொக்குகளுக்கு இந்த முறை ஏழாவது.

“தோத்தவருக்கோ முதல் தெரிவு?” பாலாம்பிகை ஆச்சரியப்பட்டாள். “அப்ப இந்த வீட்டிலை எல்லாத்தையும் நீங்களெல்லோ முதல் தெரிஞ்சிருக்கவேணும்.”

சிங்கம் உறுமியது. “பந்தயம்! நான் சொன்ன ஆளைக் கொக்குகள் எடுத்தால், லைசென்ஸ் எண்ட சொல்லு இந்த வீட்டிலை கேக்கப்படாது. சாகுமட்டும்!”

“எடுக்காட்டில்?”

“கார்த் திறப்பை உம்முடைய கையிலை தாறன். ரட்ணம் சாட்சி.”

ஒரு துண்டில் ‘கோடி பூன்’ என்று எழுதி மடித்தார். கத்தோலிக்கரான மரியரட்ணம், தங்கள் வீட்டு அந்தோனியார் சிலைக்குக் கீழே அதை வைத்திருப்பதாக ஏற்றுக்கொண்டார். அப்போதுதான் பாலாம்பிகை ஒரு சலுகை கொடுத்தாள்.

“நான் அநியாயம் செய்யமாட்டன். ஆறாம் திகதி பின்னேரம் ஏழு மணி வரைக்கும், மனம் மாறினால் நீங்கள் பேரை மாத்தலாம்.”

“நானோ? மாத்துறதோ?” பரராசசிங்கம் வீடு அதிரச் சிரித்தார். எதிராளிக்குத் தானே சலுகை கொடுக்கிற பெண்பிள்ளை! இவளிடம் காரைக் கொடுத்தால் எதிரில் வருகிற லொறிக்கெல்லாம் வழிவிட்டு ஆற்றுக்குள் இறக்குவாள் என்று மரியரட்ணத்திடம் சொன்னார்.

இரண்டு நாள் போனது. பாலாம்பிகை தேத்தண்ணியோடு வந்து கணினிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அந்தப் பூனை உண்மையிலை கெட்டிக்காரனோ?”

“அவனைப்போல ஒருத்தன் பத்து வருசத்துக்கு ஒருக்கால்தான் பிறப்பான்.”

“அப்ப கொக்குக்கு முன்னாலை வரிசையிலை நிக்கிற ஆறு பேரும் என்ன, கண்ணை மூடிக்கொண்டோ நிக்கப்போயினம்?”

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். பரராசசிங்கத்தின் தேத்தண்ணி ஆறியது. அடுத்த நாள் முகாமில் அறுபது முட்டை கருகியது. பின்னேரம் நேரே கீழ்வீட்டுக்குப் போனார்.

“ரட்ணம், அந்தோனியாரை ஒருக்கால் தூக்கும்.”

இப்போது துண்டில் இருந்தது ‘நேட் கோலி.’ பந்து பிடிக்கிறவன். புளோரிடாக்காரன். செய்தி மேல்வீட்டுக்கு வந்தது.

“நேற்றைக் கோழியோ? சரி, கோழி நல்லதுதான்,” என்றாள் பாலாம்பிகை. “ஆனால் நீங்களே பூனையைக் கைவிட்டால், மற்ற ஆறு பேரும் கைவிடமாட்டினமோ? அப்ப அவனை ஒருத்தரும் எடுக்காயினம். அவன் ஏழாவதுக்கு மிஞ்சுவான். மிஞ்சினால் கொக்கு விடுமோ?”

பரராசசிங்கம் அன்று இரண்டு முறை படி இறங்கினார். ஒருமுறை பூனைக்கு, திரும்பி ஏறுகிற வழியிலேயே மனம் மாறி மறுபடியும் கோழிக்கு. மூன்று கிழமைக்குள் அந்தோனியார் பதினொரு தரம் எழும்பி இருந்தார். அவருடைய கையில் இருந்த குழந்தை யேசுவுக்கே தலை சுற்றியிருக்கும்.

“அண்ணை, அந்தோனியார் காணாமல் போனதைத் தேடித் தாறவர்,” என்றார் மரியரட்ணம் மரியாதையாக. “உங்கட புத்திக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன்.”

“நீர் உதைபந்துக்காரன். உமக்கு விளங்காது. இது கொக்குத் தலையிலை வெண்ணெய் வைச்சுப் பிடிக்கிற வேலை.”

“வெண்ணெய் உருகி இப்ப உங்கட கண்ணுக்குள்ளையெல்லோ வழியுது.”

யூன் ஆறு, செவ்வாய்க்கிழமை. ஆறரை மணி. அந்தோனியாருக்குக் கீழே கோடி பூன் இருந்தான். இனி மாற்றுவதில்லை என்று பரராசசிங்கம் சத்தியம் செய்திருந்தார். ஆயிரம் பக்கம் வாசித்து, பன்னிரண்டு கொப்பி எழுதி, முதல் நாள் சொன்ன பெயருக்கே திரும்பி வந்திருந்தார். மனதில் ஒரு நிம்மதி. பாலாம்பிகை உடுப்புக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப கடைசியிலை பூனைதானோ?”

“பூன்தான்.”

“எனக்கும் அவன்தான் எண்டு படுது.”

பரராசசிங்கம் நிமிர்ந்தார். “என்ன சொன்னீர்?”

“யோசிச்சுப் பாத்தன். நீங்கள் சொல்லுறதுதான் சரி. நானாயிருந்தாலும் பூனையைத்தான் எழுதியிருப்பன்.”

இருபத்திரண்டு வருசக் குடும்ப வாழ்க்கையில் இப்படி ஒரு இடி அவர் தலையில் விழுந்ததில்லை. பிச்சரைப் பிச்சை என்றவள். ஓட்டோபானிலோ எறிகிறான் என்று கேட்டவள். இவளுக்கும் அவன்தான் என்று படுகிறதாம்! இவளும் தானும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால், ஒருவர் மூளை பழுதாகியிருக்கவேண்டும். அது தன்னுடைய மூளையாக இருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் முடிவு பிழை! வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார்.

“ரட்ணம்! அந்தோனியாரைத் தூக்கும்!”

ஏழு மணிக்கு நாலு பேரும் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். மரியரட்ணத்தின் மனைவி ரஞ்சினி மிக்சர் கொண்டுவந்திருந்தாள். இணையத்தில் ஒரு குரல் கரகரத்தபடி பெயர் வாசித்தது. முதலாவது ஆரோ ஒருவன். இரண்டாவது இன்னொருவன். ஆறு பேர் போனார்கள். பூனும் போகவில்லை, கோலியும் போகவில்லை. பரராசசிங்கத்தின் கையில் மிக்சர் ஈரமாகிக் கூழானது.

ஏழாவது தெரிவு. ஒகாயோ. ஹெரன்ஸ்.

குரல் ஒருமுறை செருமியது. “கோடி பூன்.”

“சொன்னனே!” பரராசசிங்கம் துள்ளி எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. “நான் சொன்னனே! மே மாசமே சொன்னனே! அமெரிக்காவிலை ஒருத்தனுக்கும் தெரியாது, மன்ஹைமிலை எனக்குத் தெரியும்! ரட்ணம், இப்ப என்ன சொல்லுறீர்? இப்ப சொல்லும்!”

மரியரட்ணம் மிக்சர் கையைத் துடைத்துக்கொண்டார். சட்டைப்பையில் இருந்து துண்டை எடுத்தார். விரித்தார். மேசையில் வைத்தார்.

“அண்ணை, கடதாசியிலை கோழியெல்லோ கிடக்கு.”

பரராசசிங்கம் துண்டைப் பார்த்தார். அவருடைய எழுத்துத்தான். அவசரத்தில் எழுதியதால் கோலியின் கால் கொஞ்சம் நொண்டியிருந்தது. விழுந்த கதிரையை நிமிர்த்தி, அதில் மெதுவாக இருந்தார்.

“நீர்தானே பூன் எண்டு சொன்னீர்?” என்றார் மனைவியைப் பார்த்து.

“ஓம், சொன்னன்.”

“அப்ப உமக்கு முதலே தெரியுமோ? ஆர் சொன்னது?”

“பூனையை எனக்கு என்னண்டு தெரியும்? எனக்குத் தெரிஞ்சது உங்களை மட்டும்தான். நான் கிழக்கெண்டால், சூரியனைத் தேடி நீங்கள் மேற்குப் பக்கம் போற ஆள்.”

ரஞ்சினி மிக்சர் கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். பரராசசிங்கம் தொண்டையைச் செருமினார். தோல்வியிலும் கணக்குப் போடத் தெரிந்தவனல்லவா ஆய்வாளன். லைசென்சுக்குத் தியோரிச் சோதனை ஜெர்மன் மொழியில். அதில் இரண்டு தரம் கோட்டை விடுவாள். கார் ஓடிக் காட்டுகிற சோதனையில் மூன்று தரம். எப்படியும் இரண்டு வருசம் ஓடும். அதற்குள் மறந்துவிடுவாள். முகத்தில் பெருந்தன்மை பரவியது.

“சரி. சொன்ன சொல்லு சொல்லுத்தான். நீர் ஆறுதலாப் படியும். லைசென்ஸ் வந்த அண்டைக்குத் திறப்பைத் தாறன்.”

பாலாம்பிகை கைப்பையைத் திறந்தாள். ஒரு சின்ன அட்டையை எடுத்து, கோழி கிடந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் அவளுடைய படம். படத்தில் சிரிப்பில்லை. திகதி: ஏப்பிரல் இருபத்தெட்டு.

“இது… இது எப்ப?”

“ரஞ்சினி வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன பின்னேரங்களிலைதான். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் படிச்சனாங்கள். நீங்கள் கொம்பியூற்றரைப் பாத்தபடி ‘ம்’ எண்டு சொன்னனீங்கள். ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருந்தால், தியோரிப் புத்தகத்தைக் கையிலை கண்டிருப்பியள்.”

“அப்ப அண்டைக்கு மழைக்குள்ளை நனைஞ்சு வரேக்கை…”

“ஓம். அண்டைக்கும் லைசென்ஸ் பைக்குள்ளைதான் இருந்தது. திறப்புத்தான் இல்லை.”

மரியரட்ணம் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது செய்திதான். தன்னுடைய காரின் கொடி போன மாதம் ஏன் ஒருநாள் வளைந்திருந்தது என்று அவருக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது. வாயைத் திறந்தார். ரஞ்சினி மிக்சர் கிண்ணத்தை நீட்டினாள். வாயை மூடிக்கொண்டார்.

பரராசசிங்கம் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டார். பன்னிரண்டு வருசம் அந்தப் பையைவிட்டு அசையாத திறப்பு, சில்லறைக்குள் ஒளித்து விளையாடியது. பிறகு வந்தது. அவள் அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

“எழும்புங்கோ எல்லாரும். ஆத்தங்கரையாலை ஒரு சுற்றுப் போட்டு வருவம்.”

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. தெரு முழுக்கக் கொடிகள். படி இறங்கும்போதே பரராசசிங்கத்துக்குப் பாதித் தைரியம் திரும்பிவிட்டது. ஓடுகிறவள் அவளென்றாலும், பக்கத்தில் இருந்து வழிகாட்டுகிறவன் தான்தானே. எங்கே பிறேக், எங்கே சிக்னல், முன்னுக்குப் போகிறவன் எந்தப் பக்கம் திருப்புவான், எல்லாம் தானல்லவா சொல்லப்போகிறவன்! கம்பீரமாக நடந்து போய் முன்கதவில் கையை வைத்தார்.

“அது ரஞ்சினிக்கு,” என்றாள் பாலாம்பிகை, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பியபடி. “நீங்கள் பின்னுக்கு ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, கதையாமல் இருங்கோ.”