ஆவி பிடி அண்ணாச்சியும் பெல்ஜியம் பாட்டிலும்

சனிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்குத்தான் எல்லாம் கெட்டது. அதுவரை நான் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆவி பிடி அண்ணாச்சி ஒரு பியர் பாட்டிலைத் திறந்து முடிப்பதற்குள் துபாயில் இருபது மாடிக் கட்டடம் எழும்பிவிடும். பர் துபாயில் எங்களுக்கு மேல்வீடு. தூத்துக்குடிக்காரர், ஓட்டலுக்குச் சரக்கு வாங்கும் வேலை. ஜலதோஷக்காரர் வெந்நீர்ச் சட்டிமேல் கவிழ்வதுபோல் கோப்பைமேல் கவிழ்ந்து மோந்துகொண்டே இருப்பார். ஒருமுறை துண்டையும் போர்த்திக்கொண்டாராம். ஏசி காற்றில் வாசனை கலைந்துவிடுமாம்.

அன்று, பெல்ஜியம் மடத்துத் துறவிகள் முறையில் காய்ச்சிய கறுப்பு ஏல் வகை பியர். குளிர் போகட்டும் என்று அரைமணி மேசையில் வைத்தார். பிறகு அடிவண்டல் கலங்காமல், கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் வாயகன்ற கோப்பைகளில் ஊற்றினார்.

"மோந்து பாரும் வே. பேரீச்சம்பழம் தெரியுதா? அப்புறம் கிராம்பு?"

"இது என்ன பிரியாணியா அண்ணாச்சி? குடிக்கலாமா?"

"சாமியாருங்க மாசக்கணக்கா பொறுத்திருந்து செஞ்சது. உமக்கு அஞ்சு நிமிசம் பொறுக்காதோ?"

பொறுக்கவில்லை. பாதிக் கோப்பையை ஒரே மூச்சில் இறக்கினேன். கருகிய வெல்லமும் உலர்திராட்சையுமாக இனித்து, கடைசியில் லேசாகக் கசந்தது.

அப்போதுதான் போன். ஷார்ஜாவில் பாட்மின்டன் பயிற்சிக்குப் போன என் மகள் விழுந்துவிட்டாள், கணுக்கால் வீங்குகிறது, உடனே வாருங்கள் என்றார் பயிற்சியாளர். மனைவி ஊருக்குப் போயிருந்தாள்.

கார் சாவியை எடுத்தேன். அண்ணாச்சி பிடுங்கினார்.

"கிறுக்கா வே உமக்கு? ஒரு மடக்கு போனாலும் இங்க வண்டியத் தொடப்படாது. புடிச்சாம்னா வேலை, விசா எல்லாம் கலாஸ்."

"டாக்ஸியில போறேன்."

"இந்த வாயோட ஷார்ஜாவுக்கா? அங்க சாராய வாடையே ஆகாதுவே. கிளினிக்ல போயி டாக்டர் மூஞ்சில ஊதப் போறீரா?"

"நீங்களும்தானே குடிச்சீங்க!"

"நான் எங்கவே குடிச்சேன்? இன்னும் மோந்துக்கிட்டுல்லா இருக்கேன்!"

உண்மைதான். அவர் கோப்பை தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

பல்லைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். ஏலக்காயை மென்றுகொண்டு கட்டட வாசலில் நின்றேன். வண்டி ஓட்டும்போது அண்ணாச்சி போனை எடுக்கமாட்டார். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, சக்கர நாற்காலி என்று என் மனம் எங்கெங்கோ போய்வந்தது.

கடைசியில் கார் வந்தது. காலில் கட்டோடு, அண்ணாச்சி தோளைப் பிடித்தபடி மகள் இறங்கினாள். வெறும் சுளுக்குதானாம்.

"அப்பா, உங்களுக்கு ஃபுட் பாய்சனாமே? அங்கிள் சொன்னாங்க. இப்ப ஓகேயா?"

வாடை வெளியே வராமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அண்ணாச்சிதான் பதில் சொன்னார்.

"தேவலைம்மா. அவரு வயிறு கொஞ்சம் அவசரப்பட்டுட்டு. மத்தபடி தங்கமான மனுசன்."