சங்குக்கு ஒரு குறி

மாரிகுப்பத்தில் நேராக இருந்த ஒரே பொருள் 'அரை மில்லி'தான். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர். மற்றதெல்லாம், அவர் கணக்குப்படி, கோணல். தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் முப்பது வருஷம் படம் வரைந்தவர். ஓட்டலில் தோசையையே திருப்பி அனுப்புவார்: "வட்டமா இது? சென்டர் எங்க கீது, காட்டு!"

சுரங்கத்தை மூடியதும் என் டிடிபி கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அப்போது மாதா கோயில் பாடகர் குழுவின் லத்தீன் புத்தகத்தைக் கரையான் பாதி தின்றிருந்தது. மீதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. எனக்குச் சங்கீதம் தெரியாது. கம்ப்யூட்டரும் தெரியாது என்பது அதுவரை வெளியே தெரியாமல் இருந்தது.

கிரகோரியன் என்கிற அந்தப் பழைய லத்தீன் பாட்டுக்கு நாலே கோடு. அதன்மேல் குட்டிச் சதுரங்கள்தான் ஸ்வரம். மென்பொருளோடு வந்த சதுரங்களைப் பார்த்து அரை மில்லி முகம் சுளித்தார்.

"இன்னாப்பா, செங்கல் அடுக்கி வெச்சிகீற?"

எல்லாக் குறிகளையும் புதிதாக வரைந்தார். ஒரு குறியின் வாலை மட்டும் பதினொரு முறை.

பிறகு ஒரு சிக்கல். சுரங்கம் ஓடிய காலத்தில், ஞாயிறு பூசையில் ஒரு வரியின் நடுவே அதன் ஷிப்ட் சங்கு ஊதும். அதோடு போட்டி போட முடியாமல், குழுவினர் வாயிலிருந்த ஸ்வரத்தையே சங்கு ஓயும்வரை இழுப்பார்கள். காலப்போக்கில் அதுவே பாட்டாகிவிட்டது. புத்தகத்தில் அதற்குக் குறி இல்லை. கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரரான அரை மில்லி ஒன்றை உண்டாக்கினார்: சதுரத்தின் தலையில், சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம்.

வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஃபாதர் சிரித்தார். "மைனையே மூடிட்டாங்க சார். இனிமே சங்கு ஏது? எடுத்துடுங்க."

"ஊதுறப்ப எழுத வேணாம் ஃபாதர், தானா இழுப்பாங்க. இப்பதான் எழுதணும். இல்லாங்காட்டி இவங்க இழுத்ததே இல்லன்னு ஆயிடும்" என்றார் அரை மில்லி.

ஃபாதர் யோசித்தார். "சரி, ஞாயித்துக்கிழமை பாடட்டும். எல்லாரும் சேர்ந்து நிறுத்துனா குறி இருக்கட்டும். ஆளுக்கொரு பக்கம் போனா எடுத்துடணும்."

ஞாயிற்றுக்கிழமை அரை மில்லியும் நானும் கடைசி பெஞ்சில். கோபுரக் குறி வந்தது. எங்களைப் பார்த்து நின்ற குழு இழுக்கத் தொடங்கியது. சங்கு இல்லை, எங்கே விடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு குரல் நடுங்கியது. அரை மில்லி எழுந்தார். கையைத் தூக்கினார். முப்பது வருஷம் அந்தச் சங்கு கேட்ட உடம்பு. அதுவே கணக்குப் பார்த்துக் கையை இறக்கியது. அத்தனை குரலும் ஒன்றாக நின்றது.

குறி தங்கிவிட்டது.

வெளியே வந்த அரை மில்லி, வாசலில் விட்ட செருப்பைத் தேடுகிற சாக்கில் நெடுநேரம் குனிந்தே இருந்தார். நானும் பக்கத்தில் குனிந்து தேடினேன். என் செருப்பு காலில்தான் இருந்தது.